ஸ்பெயினில் ‘தாப்பாஸ்’ என்கிறார்களே, அது என்ன?

தாப்பாஸ் ஒரு தனிப் பதார்த்தத்தின் பெயர் இல்லை. பானத்தோடு சின்னத் தட்டில் வரும் எதுவும் தாப்பாஸ்தான்: நாலைந்து ஆலிவ் காய், உருளைக்கிழங்கு சேர்த்த கனமான முட்டை அடை, மண்சட்டியில் பூண்டோடு ஆலிவ் எண்ணெயில் கொதித்தபடியே மேசைக்கு வரும் இறால். டீக்கடையில் ஒரு கையில் டீயும் மறு கையில் வடையுமாக நின்று பேசுவோமே, அந்த மாதிரி.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் அவர்களின் சாப்பாட்டு நேரம். 1940-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது; பிறகு பழையபடி திருப்பவே இல்லை. அதனால் கடிகாரப்படி அங்கே பொழுது சாய்வதே தாமதம். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9 அல்லது 10 மணிக்கு. நடுவில் வயிறு சும்மா இருக்குமா?

கிரனாடாவில் பானம் வாங்கினால் பெரும்பாலும் தட்டு இலவசமாகவே வரும். சான் செபாஸ்டியனில் ரொட்டித் துண்டுகளில் குச்சி குத்தி அடுக்கியிருப்பார்கள். சில கடைகளில் கடைசியில் குச்சிகளை எண்ணித்தான் காசு. என்னைக் கேட்டால், ஒரே இடத்தில் உட்காராதீர்கள். ஒரு கடையில் ஒரு தட்டு, அப்புறம் அடுத்த கடை.

இதை ஸ்டார்ட்டர் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் கடை கடையாகப் போய் இதையே இரவுச் சாப்பாடாக முடித்துக்கொள்வதும் அங்கே சகஜம்.