பெண் பார்க்கக் கிளம்பும் முன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். வயது 28. எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று பள்ளிக்கூடத்திலேயே தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் எல்லாரும் தூங்கிய பிறகு போனில் 'காதல் தி கோர்' மலையாளப் படம் பார்த்து அழுதுவிட்டேன். அம்மா பெண் தேடுகிறார். கல்யாணம் செய்துகொண்டால் சரியாகிவிடுமா? அம்மாவுக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு அந்தப் படத்திலேயே பதில் இருக்கிறதே! மம்மூட்டியின் அப்பாவாக வரும் பெரியவரை நினைத்துப் பாருங்கள். மகனுக்கும் ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று அவருக்குத் தெரியும். ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றுதான் கட்டிவைத்தார். சரியாகவில்லை. கடைசியில் விவாகரத்து கேட்டு கோர்ட் படியேறுவது மருமகள் ஓமனாவாக வரும் ஜோதிகா. நீங்கள் மம்மூட்டிக்காக அழுதிருப்பீர்கள். எனக்கு ஜோதிகாவைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

'ப்ரோக்பேக் மவுண்டன்' (2005) படத்திலும் இதே கதைதான். 1963 கோடையில் மலையில் ஆடு மேய்க்கப் போன இருவர் காதலிக்கிறார்கள், கீழே இறங்கி ஆளுக்கொரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒருநாள் அவர்கள் முத்தமிடுவதை ஒருவனின் மனைவி பார்த்துவிடுகிறாள். அந்த முகத்தை மறக்க முடியாது. அவர்களுக்காவது மலை மறைவிடம். நமக்குத் தலைகீழ்! பஸ் ஸ்டாண்டில் யாரோடு டீ குடித்தோம் என்பது நாம் வீடு போய்ச் சேருமுன் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் எல்லாவற்றையும் இன்றே போட்டு உடையுங்கள் என்று சொல்லமாட்டேன். எப்போது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் 'எனக்குக் கல்யாணம் வேண்டாம்' என்பதை இப்போதே சொல்லியாக வேண்டும். பூ வைத்த பிறகு சொன்னால் அடிபடுவது எங்கோ இருக்கும் ஒரு பெண்.

சட்டத்தை நினைத்துப் பயம் வேண்டாம், 2018 செப்டம்பர் 6 அன்றே இது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம்' என்று எந்த மாமாவாவது கிளம்பினால் மசியாதீர்கள். இது நோயே இல்லை. அப்படி 'மாற்றும்' முயற்சிகளுக்கு 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. மனசு ரொம்ப பாரமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

சரி, அம்மாவுக்கு எந்தப் படம்? 'காதல் தி கோர்' இப்போது வேண்டாம். கோர்ட்டும் ஊர்ப் பேச்சுமாகப் பார்த்தால் பயந்துவிடுவார். 'காதல் என்பது பொதுவுடமை' (2025) காட்டுங்கள். மகள் காதலிப்பது ஒரு பெண்ணை என்று தெரிந்ததும் ரோகிணி ஆடிப்போகிறார். நாலும் தெரிந்த அம்மாதான், ஆனாலும் தன் மகள் என்றதும் தடுமாறுகிறார். உங்கள் அம்மாவுக்கு அது அந்நியமாக இருக்காது. போட்டுவிட்டு நழுவிவிடாதீர்கள், பக்கத்திலேயே உட்காருங்கள். திட்டினால் திட்டட்டும்.

ஆனால் அதற்கு முன்னால், தரகரிடம் ஜாதகம் போயிருந்தால் திருப்பி வாங்குங்கள்.