இரண்டு பீரோ நிறைய மஞ்சள்: இது முதலீடா, ஆசையா?

கேள்வி: வணக்கம். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், குடியிருப்பது காரைக்குடியில். மாதச் சம்பளம் 34,000 ரூபாய். மனைவி, ஆறு வயதில் ஒரு மகள். 2008-ல் ஐ.பி.எல். முதல் சீசன் தொடங்கியதிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸ் சம்பந்தப்பட்ட எதையும் விடாமல் சேர்த்து வருகிறேன். ஜெர்சி, கொடி, விசில், தொப்பி, மைதானத்தில் கொடுக்கும் ஃபோர்-சிக்ஸ் அட்டை, குளிர்பானத்தோடு வந்த டம்ளர், விளம்பரக் காலண்டர், பழைய டிக்கெட் என்று இரண்டு இரும்பு பீரோ நிறைந்துவிட்டது. சின்ன வயதில் சேர்த்த பபிள்கம் கிரிக்கெட் படங்களும், 1999 உலகக் கோப்பைக்காக வெட்டி வைத்த பிரிட்டானியா பிஸ்கட் உறைகளும் இருக்கின்றன. மாதம் 4,000 ரூபாய் வரை இதற்குப் போகிறது. இப்போது வாட்ஸ்அப் குழு ஒன்றில், தோனி கையெழுத்துப் போட்ட பேட் 1,10,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. ஐந்து வருடத்தில் விலை இரண்டு மடங்காகும் என்கிறார்கள். மனைவியின் நான்கு பவுன் சங்கிலியை வங்கியில் வைத்து ஒரு லட்சம் வாங்கலாம் என்று நினைக்கிறேன். அவளுக்கு இஷ்டமில்லை. "குப்பையைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்" என்கிறாள். நான் இதை முதலீடாகத்தான் பார்க்கிறேன். சரியா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி)

பதில்: முதலில் சங்கிலி விஷயத்தை முடித்துவிடுவோம். அதை வைக்க வேண்டாம்.

நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துக்கு வருடம் 10,000. பெரும்பாலானவர்கள் செய்வதுபோல வட்டியை மட்டும் கட்டித் திரும்பத் திரும்ப மாற்றி வைத்தால், ஐந்து வருடத்தில் 50,000 வட்டியாகவே போய்விடும். கையிலிருந்து போடும் பத்தாயிரத்தையும் சேர்த்தால் பேட்டின் அடக்கம் 1,60,000. இடைத்தரகரோ ஏலம் விடுபவரோ 20 சதவீதம் கமிஷன் எடுத்தால், அது 2 லட்சத்துக்கு விற்றால்தான் போட்ட காசு உங்கள் கைக்குத் திரும்பும். லாபம் அதற்கு மேல்தான் ஆரம்பம். அவர்கள் சொல்கிற இரண்டு மடங்கு அப்படியே நடந்தால்கூட உங்களுக்கு மிஞ்சுவது பதினைந்து, இருபதாயிரம். நடக்காவிட்டால் ஏலத்துக்குப் போவது உங்கள் மனைவியின் சங்கிலி. தினமும் கணக்கு எழுதுகிறவர் நீங்கள். இந்தப் பேரத்தைப் பட்டறைப் பேரேட்டில் எழுதிப் பாருங்கள், உங்கள் முதலாளி கையெழுத்துப் போடமாட்டார்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. பேட்டில் தோனி கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்த ஊரில், எந்த வருடம், முதலில் யார் கைக்குப் போனது, அங்கிருந்து எப்படி வந்தது? இதற்குத் தாளில் பதில் இல்லையென்றால் நீங்கள் வாங்குவது மை தீட்டிய மரக்கட்டை. அமெரிக்காவில் 1990-களில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் ஒரு விசாரணை நடத்தி, போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. பிடிபட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன. அதையும் நம்பி வாங்க ஆள் இருந்திருக்கிறார்கள். விற்கிறவர் கொடுக்கும் 'அசல் சான்றிதழ்', அதை அச்சடித்தவர் யார் என்று தெரியாதவரை வெறும் காகிதம்தான்.

இனி உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். குப்பை என்று நான் சொல்லமாட்டேன். சேப்பாக்கம் மைதானமே நம் செட்டிநாட்டுக் குடும்பத்தில் பிறந்த எம்.ஏ. சிதம்பரம் பெயரில் இருக்கிறது. காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் ரயில் ஏறிப்போய் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. அந்த ஆசைக்குச் செலவழிப்பது தப்பே இல்லை. ஆனால் ஆசைக்குச் செலவழிப்பதை முதலீடு என்று எழுதும்போதுதான் நகைப்பெட்டிமேல் கண் போகிறது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு சொல்தான்.

அது முதலீடா இல்லையா என்று பார்க்க உங்கள் ஊரிலேயே இடம் இருக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய் வாருங்கள். பழைய சோப்பு, தீப்பெட்டி, பிஸ்கட் கம்பெனிகளின் எனாமல் பலகைகளும் தகர டப்பாக்களும் தொங்கும். ஒரு காலத்தில் அவையும் இலவச விளம்பரச் சாமான்தான். விலையைக் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். விலை கேட்டதோடு வந்துவிடாதீர்கள். "இதே மாதிரி ஒரு பலகை என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா, என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். கடைக்காரர் விற்கும் விலைக்கும் அவர் வாங்கும் விலைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அங்கேயே தெரிந்துவிடும். அவர்மேல் குற்றமில்லை. ஒரு பலகைக்கு வாங்க ஆள் வரும்வரை அதை வருடக்கணக்கில் வைத்திருப்பவர் அவர்தானே. வங்கி டெபாசிட்டை வேண்டிய நாளில் உடைக்கலாம், தங்கத்துக்குத் தினமும் விலை உண்டு. உங்கள் பீரோவில் இருப்பதற்கு, வாங்க ஒருவர் வரும் அன்றைக்கு மட்டும்தான் விலை.

அந்தப் பலகை ஏன் விலை போகிறது என்பதும் முக்கியம். ஆயிரக்கணக்கில் அடித்தார்கள், பெரும்பாலும் துருப்பிடித்துப் போயின, பழைய இரும்புக்குப் போயின. மிச்சம் கொஞ்சம். விளையாட்டுப் பொருளுக்கும் இதே கதைதான். 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட்டோடு பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட சிறு அட்டை இலவசமாக வந்தது. அதில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டையை மட்டும் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குச் சில டஜன்தான் மிச்சம். 2022-ல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. இப்படிப்பட்ட செய்திகளைப் பார்த்து 1980-களின் கடைசியில் அங்கே ஊரே அட்டை சேர்க்க ஆரம்பித்தது. பெட்டி பிரிக்காமல் வாங்கி, பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தினார்கள். கம்பெனிகளும் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளின. அந்த அட்டைகளில் பெரும்பாலானவை இன்றும் சில்லறைக் காசுக்குத்தான் போகின்றன. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அரிய பொருள் ஆவதில்லை.

இந்தக் கணக்கில் உங்கள் பீரோவைப் பாருங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 'லிமிடெட் எடிஷன்' ஜெர்சிகளைவிட, காசே கொடுக்காமல் வந்த சில பொருளுக்குத்தான் பிற்காலத்தில் யாராவது ஆசைப்படுவார்கள். 2010 ஏப்ரல் 3 அன்று ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 127 அடித்தாரே, சேப்பாக்கத்தில் 246 எடுத்த அந்த ஆட்டத்தின் டிக்கெட் உங்களிடம் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அன்றைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அதை வாசலிலேயே போட்டிருப்பார்கள். 2018-ல் காவிரிப் போராட்டத்தால் உள்ளூர் ஆட்டங்கள் புனேக்குப் போனபோது ரசிகர்களுக்கென்று சிறப்பு ரயில் விட்டார்கள். அதில் போனவர்களிடம் மட்டும் இருக்கிற பொருள் ஏதாவது கிடைத்திருந்தால் அதையும். ஏர்செல் பெயர் போட்ட பழைய ஜெர்சி இன்னொன்று. கம்பெனியே இப்போது இல்லை. ஆனால் அதே டிசைனைத் திருப்பூரில் இன்றைக்கும் தைக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம். இனிமேல் யாராவது 2011 ஜெர்சி என்று கொண்டுவந்தால் தோள்பட்டையைப் பாருங்கள். ராணுவ உடை மாதிரியான அந்தப் பட்டை 2021-ல்தான் வந்தது. அது இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பபிள்கம் படங்களும் பிஸ்கட் உறைகளும் கசங்காமல் இருந்தால் நல்லது. அவற்றுக்கும் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு உதாரணமும் காட்டியிருப்பார்கள். 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோனி கடைசி சிக்சர் அடித்த பேட் அதே ஆண்டு லண்டனில் 1 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஷேன் வார்னின் டெஸ்ட் தொப்பி 2020-ல் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. இரண்டும் உண்மை. ஆனால் முதலாவது அறக்கட்டளைக்கு நிதி திரட்டிய விருந்து, இரண்டாவது காட்டுத்தீ நிவாரணம். வாங்கியவர்கள் பொருளுக்கு மட்டும் விலை கொடுக்கவில்லை, நல்ல காரியத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதோடு, அவை ஆட்டத்தில் பயன்பட்ட அதே பேட், அதே தொப்பி. கையெழுத்துக்காகவே புதிதாக வாங்கி நீட்டிய பேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, மாதாமாதம் என்ன செய்வது? 4,000 என்பது உங்கள் சம்பளத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதை 1,500 ஆக்குங்கள். அதைப் 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் எழுதுங்கள், வீட்டில் கேட்கும்போதும் அப்படியே சொல்லுங்கள். ஒரு மாதம் செலவாகவில்லை என்றால் சேர்த்து வைத்து, அடுத்த சீசனில் மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போகலாம். மிச்சம் 2,500-ஐ மகள் பெயரில் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும், உங்கள் மகளுக்கு ஆறுதான் ஆகிறது. 15 வருடம் கட்ட வேண்டும், கணக்குத் தொடங்கி 21 வருடத்தில் முதிரும். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமானது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்றாலும், இதே வட்டி நீடித்தால் முடிவில் 13 லட்சத்துக்கு மேல் கையில் வரும். வட்டிக்கு வரியும் இல்லை. கிரெடிட் கார்டில் ஜெர்சி வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பாக்கி வைத்தால் அதில் வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தொடும்.

ஒரு வேலையும் தருகிறேன். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சீர் சாமான்களை ஒரு கரண்டி விடாமல் எழுதி வைப்பார்களே, அதுபோல உங்கள் சேகரிப்புக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன பொருள், எந்த வருடம், எங்கே கிடைத்தது, காசு கொடுத்ததா இலவசமா, பில் இருக்கிறதா, அதைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் எடுத்த படம் உண்டா? பிற்காலத்தில் ஒரு பொருள் விலை போகுமானால் பாதி இந்த நோட்டுக்காகத்தான் போகும். எழுத எழுத இரண்டாவது பிரதிகளும் மூன்றாவது பிரதிகளும் கண்ணில் படும். அவற்றை விற்றுப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் உண்மையிலேயே என்ன தருகிறார்கள் என்று, ஒரு பைசா கடன் இல்லாமல் தெரிந்துகொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ஜெர்சி, தொப்பி போன்றவற்றை எப்போதாவது விற்பதில் பொதுவாக வரிப் பிரச்சினை வராது. தொடர்ந்து வாங்கி விற்க ஆரம்பித்தால் அது வியாபார வருமானம், கணக்கில் காட்ட வேண்டும்.

பேட் விற்கிறவருக்கு, கையெழுத்துப் போடும்போது எடுத்த படமும் முதலில் வாங்கியவரின் பில்லும் அனுப்பச் சொல்லி இன்றே எழுதுங்கள். அவற்றை அவர் அனுப்பினாலும் கடன் வாங்கி அதை வாங்காதீர்கள். மாதம் 1,500-ல் சேர்ந்த பணம் இருக்கும்போது வேறொரு பேட் வரும்.