எந்த ராத்திரியில் போய் உட்கார்வது?

அன்புள்ள அண்ணா,

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. போன மாதம் நீங்கள் எழுதியதில் ‘ட்ரெயில்ஸ்’ என்கிற ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் வரிசையைப் பற்றி இரண்டே வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தேடப் போனதில் தலை சுற்றிவிட்டது. மொத்தம் 13 கேம், பல உட்பிரிவுகளாக. ஸ்கையில் தொடங்கு என்கிறார் ஒருவர். கோல்டு ஸ்டீல்தான் சரி என்கிறார் இன்னொருவர். டேபிரேக்கில் நேராக இறங்கு, பழசெல்லாம் போகப் போகப் புரியும் என்கிறார் மூன்றாமவர். மூன்று பேரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்கிறார்கள்.

என்னிடம் இருப்பது பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். வாரத்துக்கு ஒரு நாள் லீவு. தமிழ் மீடியத்தில் படித்தவன். இங்கிலீஷ் வாசிப்பேன், ஆனால் மெதுவாக. இருபது வருஷக் கதையை முதலிலிருந்து வாசிக்க எனக்கு ஆயுசு போதுமா? புதுசிலேயே தொடங்கினால் என்ன குறைந்துவிடும்?

ம., காவேரிப்பட்டணம்

*

அன்புள்ள ம.,

ஆயுசு போதும். முதலிலிருந்தே தொடங்குங்கள். ஃபால்காம் என்கிற ஜப்பானிய கம்பெனி 2004இல் வெளியிட்ட ‘ட்ரெயில்ஸ் இன் த ஸ்கை’. ஆனால் 13ஐயும் முடிக்கப்போகிறேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், முக்கியமாக உங்களுக்கே சொல்லிக்கொள்ளாதீர்கள். இப்போதைக்கு இரண்டு. ஏன் இரண்டு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் கேட்ட ‘என்ன குறைந்துவிடும்’ என்பதற்கு என் கதையே பதில். நான் தொடங்கியது ‘கோல்டு ஸ்டீல் 3’இல். பெரிய யோசனை எதுவும் இல்லை, தள்ளுபடியில் கிடைத்தது. வரிசையில் அது 8ஆவது என்பது வாங்கிய பிறகுதான் தெரியும். சண்டை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருவார். இசை மாறும். அங்கே நிற்கிற எல்லார் முகமும் மலரும். “எத்தனை நாளாச்சு!” என்பார்கள். நான் மட்டும் தெரியாத கல்யாணத்துக்குள் நுழைந்து, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பந்தியில் குனிந்து சாப்பிடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு நல்ல சாப்பாடு. அதனால் என்ன?

அந்த கேமின் முகப்பிலேயே முந்தைய இரண்டு கோல்டு ஸ்டீல்களின் கதைச்சுருக்கம் வைத்திருக்கிறார்கள். வாசித்தேன். இன்னார் இன்னாருக்கு என்ன வேண்டும், எந்தப் போரில் யார் பக்கம், எல்லாம் தெரிந்துவிட்டது. பயன் இல்லை. நம் கூத்தில் கட்டியங்காரன், “வந்திருப்பது யாரு சாமி?” என்று கேட்பான்; திரைக்குப் பின்னால் நிற்கிற துரியோதனன் தன் பேர், ஊர், குலம் எல்லாம் பாடிவிட்டு வெளியே வருவான். அப்படி ஒரு கட்டியங்காரன்தான் அந்தச் சுருக்கம். பேரைச் சொல்வான். பாசத்தைச் சொல்ல அவனால் முடியாது.

கூத்து என்றதும் நீங்கள் என்னை மடக்கலாம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் 18 நாள் பாரதம் நடக்கும்போது முதல் நாளிலிருந்து ஒரு ராத்திரி விடாமல் யார் உட்கார்கிறார்கள்? பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. நான் சின்ன வயதில் பார்த்த முதல் கூத்து அர்ச்சுனன் தபசு. உயரமான மரத்தில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறுகிறார், கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள், மேலேயிருந்து எலுமிச்சம்பழம் விழுகிறது. அடுத்து நான் பார்த்தது நேராகப் படுகளம்: மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் முழுக்க மல்லாந்து கிடக்கிறான். நடுவில் இருந்ததெல்லாம் சாக்குப்படுதாவில் தூக்கம். ஆனாலும் எனக்கு எதுவும் குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் ஆயா அந்தக் கதையை எனக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். தாயம் உருண்ட ராத்திரியை நான் மேடையில் பார்த்ததில்லை. ஆனால் அவிழ்ந்த கூந்தலை முடிகிற காலையில் அது ஏன் அவிழ்ந்தது என்று தெரிந்துதான் நின்றேன். நாம் எந்த ராத்திரியில் போய் உட்கார்ந்தாலும் முந்தைய ராத்திரிகள் நமக்குள் இருக்கின்றன. ஸ்கை நடக்கிற லிபெர்ல் ராஜ்ஜியத்தின் கதையை நமக்கு எந்த ஆயாவும் சொல்லித்தரவில்லை. அதைத் தருவது முதல் மூன்று கேம்கள் மட்டும்தான்.

அப்படியானால் அந்த மூன்று பேருக்கும் என்ன தகராறு? அதற்கு ஒரு காரணம் உண்டு, அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஜப்பானில் இது ஒழுங்காக வந்தது. லிபெர்லில் நடக்கும் ஸ்கை மூன்றும் 2004, 2006, 2007இல். கிராஸ்பெல் என்கிற நகரத்தின் கதையான ஸீரோ, அஸ்யூர் இரண்டும் 2010, 2011இல். எரெபோனியா பேரரசின் கோல்டு ஸ்டீல் நான்கும் 2013க்கும் 2018க்கும் நடுவே. 2020இல் இந்த எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்க்கிற ரெவரி. அதற்குப் பிறகு கால்வார்டு நாட்டில் நடக்கிற டேபிரேக் வரிசை, 2024 வரை மூன்று. ஆங்கிலத்தில் இந்த ஒழுங்கு குலைந்து போயிற்று. ஸ்கை முதல் பாகம் 2011இல் வந்தது, அதுவும் பிஎஸ்பி என்கிற கையடக்க கேம் கருவியில். அதன் மறுபாதி வர 2015 ஆயிற்று. அதே 2015இல் கோல்டு ஸ்டீல் முதல் பாகமும் வந்து நின்றது. ஸீரோவும் அஸ்யூரும் அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் கிடைத்தது 2022, 2023இல்; அதற்கு முன்பே கோல்டு ஸ்டீல் நான்கும் முடிந்து ஆறிப்போயிருந்தது. ஆக, கோல்டு ஸ்டீலில் தொடங்கினேன் என்கிறவர் அன்று அவர் ஊரில் ஓடிய பஸ்ஸில் ஏறியவர். அவர் வந்து சேர்ந்துவிட்டார், சந்தோஷம். இன்று எல்லா பஸ்ஸும் ஓடுகிறது. உங்களுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

இன்னொரு குழப்பமும் இதில் கலந்துவிடுகிறது. ‘ஃபைனல் ஃபேண்டஸி’ என்றால் 1987இல் வந்த முதலாவதும் 1997இல் வந்த ஏழாவதும் 2001இல் வந்த பத்தாவதும் வேறு வேறு உலகம், வேறு வேறு ஆள். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, பிடித்த படம் போட்டிருப்பதை எடுக்கலாம். அதையே பழகியவர்கள் ட்ரெயில்ஸுக்கும் அந்த யோசனையைச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே 13ம் ஒரே கண்டத்தில், ஒரே காலக்கணக்கில் ஓடுகிற ஒரே கதை. கோல்டு ஸ்டீலின் முதல் இரண்டும் அஸ்யூரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பவை.

சரி, ஸ்கையில் என்னதான் இருக்கிறது? சொன்னால் சிரிப்பீர்கள். ரோலென்ட் என்று ஒரு சின்ன ஊர். எஸ்டெல் என்று 16 வயதுப் பெண், வாய்த்துடுக்கு. ஐந்து வருஷத்துக்கு முன்பு அவள் அப்பா ஒரு ராத்திரி காயம்பட்ட பையன் ஒருவனை வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவன்தான் ஜோஷுவா, இப்போது ஒரே வீட்டில் வளர்கிறான். இருவரும் ‘பிரேசர்’ வேலைக்குச் சேர்கிறார்கள். பிரேசர் என்றால் அரசாங்க ஆள் இல்லை, கூலிப்படையும் இல்லை; ஊர் ஜனங்களுக்கு உதவி செய்கிற ஒரு சங்கத்தின் ஆள். உலகத்தை அழிக்க வருகிற அரக்கன் எல்லாம் கிட்டத்தில் கிடையாது. ஆரம்பத்தில் வருகிற வேலைகளில் ஒன்று ஊருக்கு வெளியே சாலை விளக்கை மாற்றுவது. அந்த விளக்கு மிருகங்களை அண்டவிடாமல் வைக்கிறது, அதனால் அவசரம். புகார் கொடுத்த அன்றே ஆள் போய் மாற்றிவிட்டு வருகிறது. எங்கள் தெருமுனை விளக்கு அணைந்து நான்கு மாதம் ஆகிறது என்பதால் அந்த இடத்தில் நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டேன்.

பிறகு மேயர் வீட்டில் ஒரு திருட்டு. அது நடந்ததும் வேலையைப் பார்க்க ஓடாதீர்கள். ஊரை ஒரு சுற்று சுற்றுங்கள். நேற்று ரொட்டி விலையைப் பற்றிப் பேசியவர் இன்று திருட்டைப் பற்றிப் பேசுவார். அவர் மனைவிக்கு ஒரு சந்தேகம் இருக்கும். அடுத்த சம்பவம் நடந்ததும் இருவரும் வேறு பேசுவார்கள். பேரே இல்லாமல் போகக்கூடிய ஆளுக்குக் கூட பேர் வைத்து, கவலை வைத்து, அந்தக் கவலை வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆன்டன் என்று ஒருவன் வருவான். போகிற ஊரிலெல்லாம் ஒரு பெண்ணைப் பார்த்து மனசைக் கொடுத்துவிட்டு நிற்பான். கூடவே ரிக்கி என்கிற நண்பன், தலையில் அடித்துக்கொள்வதற்காகவே. கதைக்கு அவனால் ஒரு காசு பிரயோஜனம் கிடையாது. ஆனால் நாலைந்து கேம் தள்ளி, வேறு நாட்டில், தெருவோரம் அவன் நிற்பதைப் பார்த்து நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நீங்கள் கோல்டு ஸ்டீலில் தொடங்கினால் அவன் வழியில் நிற்கிற யாரோ ஒரு ஆள். உங்களுக்குக் குறையப்போவது அதுதான்.

இப்போது உங்கள் இங்கிலீஷ். நானும் தமிழ் மீடியம்தான். ஸ்கைக்கு அது தடை இல்லை, ஒரு வகையில் வசதி. வசனம் நீங்கள் பட்டனை அழுத்தும் வரை திரையிலேயே நிற்கும். சண்டையும் முறை வைத்து நடப்பது. உங்கள் முறையில் நீங்கள் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் எதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நான் ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருந்தேன். இடது பக்கம் ஆட்கள் பேர், வலது பக்கம் புரியாத வார்த்தை. முதல் நாற்பது பக்கம் வலது பக்கம் நிரம்பி வழியும். அப்புறம் இடது பக்கம்தான் நிறையும். ஆங்கிலத்தில் ஆக்கியவர்கள் குறும்புக்காரர்கள் வேறு: திறந்து காலியான புதையல் பெட்டியை மறுபடி திறந்து பாருங்கள், ஒவ்வொரு பெட்டியும் உங்களைக் கிண்டல் செய்யும். எனக்கு வார்த்தை ஏறியதில் பாதி அந்தப் பெட்டிகளால்.

லேப்டாப் விஷயம். ஸ்கை முதலில் 2004இல் கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது, கிராபிக்ஸ் கார்டு கேட்காது. ஆனால் உங்களுடையதில் விண்டோஸ் 7 அல்லது 8 இருந்தால், கேம் விற்கிற ஸ்டீம் என்கிற செயலி ஓடாது. 2024 ஜனவரியோடு அவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். ஜிஓஜி என்கிற இன்னொரு விற்பனைத் தளத்தில் வாங்கினால் இன்ஸ்டாலரை இறக்கித் தனியாகவே போட்டுக்கொள்ளலாம். பழைய பதிப்பிலேயே வேகத்தைக் கூட்டுகிற வசதியும் உண்டு. நடந்த வழியிலேயே திரும்ப நடக்கும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள், வசனத்தில் வேண்டாம். 2025 செப்டம்பரில் இதையே புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள், கண்ணைப் பறிக்கிறது. உங்கள் லேப்டாப்பில் அதை ஓடவிட்டால் விசிறி ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். ஓசூரில் யாராவது நண்பரிடம் பிஎஸ்5 இருந்தால் அங்கே பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

கார்னீலியா என்று ஒரு நாவல் கேமுக்குள்ளேயே அத்தியாயம் அத்தியாயமாகச் சிதறிக் கிடக்கும். சில அத்தியாயங்கள் சமயம் தவறினால் போனது போனதுதான். அதைச் சேர்க்க ஒரு கையில் போனில் பட்டியலை வைத்துக்கொண்டு விளையாடாதீர்கள். போனால் போகட்டும்.

கடைசியாக அந்த ‘இரண்டு’. ஸ்கையின் முதல் இரண்டு கேமும் ஒன்றாகத் திட்டமிட்டு, அளவு தாங்காமல் இரண்டாக வெட்டப்பட்டவை. அந்த வெட்டு எந்த இடத்தில் விழுகிறது என்று நான் சொல்லமாட்டேன். 2011இல் ஆங்கிலத்தில் முடித்தவர்கள் அந்த இடத்தில் நான்கு வருஷம் நின்றார்கள். நீங்கள் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. கடைசி அத்தியாயம் வந்துவிட்டது என்று தெரிந்த உடனே இரண்டாவதை வாங்கி லேப்டாப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிக்கிற ராத்திரிக்கு மறுநாள் உங்களுக்குக் காலை ஷிப்டு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.

அன்புடன்,
அண்ணன், தர்மபுரி