புரட்டாசி வெயிலில் முருங்கையை வெட்ட யாருக்கு மனசு வரும்?

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 40 தொட்டி இருக்கிறது. கீழே ஒரு முருங்கை, இரண்டு தென்னை, வேலியோரம் குண்டுமல்லி. எப்போது எதைச் செய்வது என்று மறந்துபோகிறது என்பதால் போனில் கூகுள் டாஸ்க்ஸில் எல்லா வேலையையும் ஏற்றினேன். இரண்டே மாதத்தில் 63 வேலை கெடு தாண்டி நிற்கிறது. இப்போது அந்த ஆப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது. தோட்டத்துக்கெல்லாம் இது சரிப்படுமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: சரிப்படும் தம்பி. ஆனால் முதலில் அந்த 63-ஐயும் அழித்துவிடுங்கள், ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பட்டியலைப் பார்க்காமலே சொல்கிறேன், அதில் பாதி "தண்ணீர் ஊற்று", "களை எடு", "பூச்சி இருக்கா பார்" என்றுதான் இருக்கும். இதையெல்லாம் சொல்ல போன் எதற்கு? காலையில் காபியோடு மாடிக்குப் போனால், தலை தொங்கின கத்தரியும் செம்பருத்தி நுனியில் வெள்ளையாக அப்பியிருக்கிற மாவுப்பூச்சியும் தானாகவே சொல்லிவிடும்.

போனில் எழுத வேண்டியவை வேறு. இன்றைக்குப் பார்த்தால் அவசியமே இல்லாத மாதிரி தெரியும், ஆனால் இன்றைக்குச் செய்யாவிட்டால் மூன்று மாதம் கழித்து அழ வைக்கும், அந்த வேலைகள். புரட்டாசியில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, பச்சைப் பசேலென்று நிற்கிற முருங்கையைப் பார்த்து அதை வெட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் அப்போது கிளை கழித்துப் பாரம் குறைக்காவிட்டால் கார்த்திகைக் காற்றில் மரம் பாதியில் முறிந்து பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் மேல் விழும். முருங்கையின் உறுதிதான் நமக்குத் தெரியுமே. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில். ஒன்று மார்கழி நடுவில், இன்னொன்று கார்த்திகை நடுவில். நம்ம கரையில் தோட்டம் போடுகிறவர்கள் இந்த இரண்டு மாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பின்னோக்கி எண்ணித்தான் வேலை எழுத வேண்டும்.

ஃபெஞ்சலில் நான் பட்டதைச் சொல்கிறேன், சிரிக்கலாம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீடு. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கரண்ட் இல்லை, போனில் 11 சதவீதம்தான் சார்ஜ், வாசலில் முழங்கால் தண்ணீரில் என் புதினாத் தொட்டி மிதந்து போய்க்கொண்டிருக்கிறது. அப்போது போன் அடிக்கிறது: "தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும்". வாராவாரம் என்று நான்தான் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன், மழையையும் மண்ணையும் பார்த்துச் செய்ய வேண்டிய எதையும் இனி போனில் ஏற்றுவதில்லை என்று.

சரி, எதை எழுதலாம்? நம்ம தமிழ் மாதம் சூரியனை ஒட்டி நடப்பது என்பதால் ஆடி 1 எந்த வருஷமும் ஜூலை 17-ஐ ஒட்டித்தான் வரும், ஒரு நாள் முன்னே பின்னே. தீபாவளி மாதிரி இடம் மாறாது. அதனால் ஒரு தடவை தேதி போட்டு "ஆண்டுதோறும்" என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் "ஆடிப்பட்டம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், அது வேலை இல்லை, தலைப்பு. போன் அடிக்கும்போது கை எதை எடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். என் போனில் ஜூலை 1-க்கு "பழைய தொட்டி மண்ணைத் தார்ப்பாயில் கொட்டிக் காயவை" என்று இருக்கும். ஜூலை 17-க்கு "கத்தரி, மிளகாய் விதை குழித்தட்டில், அவரை நேராகப் பந்தலடியில்". ஆகஸ்ட் 21-க்கு "நாற்றைப் பார்" என்று மட்டும்தான். கத்தரி அஞ்சு வாரத்தில் தயாராகிவிடும், மிளகாய்க்கு இன்னும் சில நாள் பிடிக்கும், அதை நாற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் செப்டம்பர் 20-க்கு முருங்கை, கூடவே மாடி மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கிற சருகு. ஐப்பசி பிறந்ததும் தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டையெல்லாம் எடுத்துவிட்டுச் செங்கல் வைப்பது, இல்லாவிட்டால் வேரும் அழுகும், கொசுவும் பெருகும். குண்டுமல்லிக் கவாத்து நவம்பர் கடைசி வாரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம்ம ஊரில் அந்த வாரம் தோட்டத்தில் கால் வைக்க முடிந்தாலே அதிசயம். நான் மார்கழி அஞ்சு தேதிக்கு மேல், மழை விட்டு மண் கொஞ்சம் இறுகினதும், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுகிறேன். பூ சற்றுத் தள்ளி வரும், வரட்டுமே. பொங்கலுக்கு மஞ்சள் கொத்து பிடுங்குவதற்கு யாருக்கும் நினைவூட்டல் தேவையில்லை. தைப்பட்டத்துக்கு வெண்டை, வெள்ளரி. பங்குனிக் கடைசியில் நிழல்வலை கட்டுவதும், தொட்டி மண்ணுக்குத் தென்னஞ்சருகு மூடாக்குப் போடுவதும். வருஷத்துக்குப் பதினைந்து வரி தேறும், அதற்கு மேல் போனால் மறுபடியும் 63-தான்.

கேள்வி: வேப்பெண்ணெய் 10 நாளுக்கு ஒரு தடவை என்று போனில் போட்டிருக்கிறேன். மழையில் ஒரு தடவை தள்ளிப்போய், குறித்த தேதிக்கு ஆறு நாள் கழித்து அடித்தேன், நாலு நாளில் மறுபடியும் அடிக்கச் சொல்கிறது. எது சரி?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: நீங்கள் அடித்த நாளிலிருந்து பத்து எண்ணுவதுதான் சரி. போன் பழைய தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு போகிறது, அதற்கு மழை பெய்தது தெரியாது. கூகுள் டாஸ்க்ஸில் திரும்ப வரும் வேலைகள் இப்படித்தான், குறித்த தேதிப்படியே வரும். டூடூயிஸ்ட் என்ற ஆப்பில் இதற்கு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் தேதி அடிக்கும்போது "எவ்ரி" என்ற சொல்லை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி போட்டு, பிறகு 10 நாள் என்று கொடுத்தால், முடித்ததாக டிக் செய்த நாளிலிருந்து எண்ணும். இதற்காக ஆப் மாற்ற வேண்டாம் என்றால் "திரும்ப வரும்" என்பதையே எடுத்துவிட்டு, தெளித்து முடித்த கையோடு அடுத்த தேதியை நீங்களே போடுங்கள். கை கழுவிவிட்டுத்தான்! ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் இறங்கின பிறகு. இந்த அளவையும் வேலையின் கீழே குறிப்பாகவே எழுதி வையுங்கள், ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு நேரம் தோட்டத்தைப் பார்க்கிறோம். எனக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. ஒரே பட்டியல் இருவர் போனிலும் வருமா?
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: வரும். கூகுள் கீப்பில் டிக் அடிக்கும் பட்டியலாக ஒரு குறிப்பு எழுதி, அதில் அவருடைய ஜிமெயில் முகவரியைச் சேர்த்துவிடுங்கள், ஒருவர் டிக் அடித்தால் இன்னொருவர் போனிலும் தெரியும். டைப் அடிக்கவே வேண்டாம், ஜிபோர்டு என்ற கூகுள் கீபோர்டில் தமிழைச் சேர்த்துவிட்டு மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்கள், எழுதிக்கொள்ளும். "கவாத்து" என்றால் சில சமயம் என்னத்தையோ எழுதும், திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் காலையில் நான் ஊற்றுவேன், சாயங்காலம் அவர் "பாவம், காய்ஞ்சிருக்கு" என்று ஊற்றுவார். கற்றாழை குழைந்து போய் ஒரு நாள் தொட்டியோடு தூக்கிப் போட்டோம்.

கேள்வி: இதெல்லாம் எதற்கு அம்மா? எனக்கு 71 வயது. சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர் போதாதா?
- வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: தாராளமாகப் போதும் ஐயா. ஒரே சிக்கல், தினசரியில் எழுதினால் அந்தத் தாளைக் கிழிக்கிற காலையில்தான் கண்ணில் படும், அன்றைக்குப் பார்த்து விதை வாங்கியிருக்க மாட்டோம். மாதக் காலண்டரில் எழுதுங்கள், கட்டத்தின் ஓரத்தில் என்றைக்கு உண்மையில் செய்தீர்கள் என்பதையும் குறியுங்கள். மார்கழியில் கடைக்காரர் புதுக் காலண்டர் கொடுத்ததும் பழையதைப் பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், பக்கத்தில் வைத்துப் புதியதில் எழுதிக்கொள்ளுங்கள்.