கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலிக்கு பிசியோதெரபிஸ்ட் கையால் செய்யும் சிகிச்சை பலன் தருமா? என்ன செய்வார்கள்?

தரும், வலி உண்மையிலேயே கழுத்திலிருந்துதான் வருகிறது என்றால். அதை உறுதிசெய்யாமல் பிடரியைப் பிசைந்துவிட்டு அனுப்புவதால்தான் பலருக்கும் இரண்டே நாளில் வலி திரும்புகிறது.

கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் மேல்கழுத்து மூட்டில் கோளாறு இருந்தால் நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் வலிக்கும். எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று எழுதியிருப்பதை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்தெலும்புகளை மேலிருந்து கீழாக சி1 முதல் சி7 வரை எண்ணுவார்கள். தேய்மானம் அதிகம் தெரிவது சி5, சி6, சி7 பகுதியில். தலைவலி தருவதோ சி1 முதல் சி3 வரையுள்ள மூட்டுகள். நடுவயதைத் தாண்டிய பலருக்கு வலியே இல்லாமலும் படத்தில் தேய்மானம் இருக்கும்.

இந்தத் தலைவலி பெரும்பாலும் ஒரே பக்கம் வரும், பக்கம் மாறாது. பிடரியில் தொடங்கி முன்னால் ஏறும். கழுத்தைத் திருப்பினாலோ நெடுநேரம் குனிந்திருந்தாலோ கூடும். மைக்ரேனிலும் கழுத்து வலிக்கும் என்பதால்தான் குழப்பம் வருகிறது. விண்விண்ணென்று துடிப்பது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை ஆகியவை தூக்கலாக இருந்தால் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

நல்ல பிசியோதெரபிஸ்ட் சிகிச்சைக்கு முன் ஒரு சோதனை செய்வார். உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, தாடை நெஞ்சை நெருங்கும்வரை கழுத்தை முழுக்க மடக்கி, அப்படியே இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். முழுக்க மடக்கும்போது கீழ் மூட்டுகள் இறுகிவிடும். மிஞ்சுகிற சுழற்சி பெரும்பாலும் சி1–சி2 மூட்டுடையது. இயல்பாக ஒரு பக்கம் 44 டிகிரி அளவுக்குத் திரும்பும். 32 டிகிரியைத் தாண்டாமல் நின்றால் அந்த மூட்டு இறுகியிருக்கிறது என்று பொருள். சிகிச்சை முடிந்த கையோடு இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அளவே பார்க்காதவருக்குத் தன் கை வேலை செய்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

அடுத்து மூட்டை அசைப்பது. குப்புறப் படுத்து நெற்றியைக் கைகள்மேல் வைத்துக்கொண்டால், நடுக்கோட்டிலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளியுள்ள மூட்டுமேல் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து, நொடிக்கு ஒன்றிரண்டு முறை தாளமாக அழுத்துவார். 30 முதல் 60 நொடி, இரண்டு மூன்று சுற்று. அழுத்தும்போது உங்களுக்குப் பழக்கமான அதே தலைவலி தலைகாட்டினால் இடம் சரி என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஆனால் கையை எடுத்ததும் அது தணிய வேண்டும். தணியாமல் மணிக்கணக்கில் நீடித்தால் அழுத்தம் அதிகம். அடுத்த முறை குறைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் துண்டை வைத்துச் செய்வதும் உண்டு. வலப்பக்கம் திரும்ப முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். துண்டின் ஓர விளிம்பைக் காது மடலுக்குச் சற்றுக் கீழே, பிடரியில் பதியுங்கள். வலது முனையை இடக்கையால் நெஞ்சோடு பிடித்து நிறுத்துங்கள். இடது முனையை இடக் கன்னத்தை ஒட்டி, வலக்கையால் கிடைமட்டமாக முன்னோக்கி இழுத்தபடியே தலையை வலப்பக்கம் திருப்புங்கள். கடைசியில் 3 நொடி நிறுத்தி, இழுவையை விடாமலே திரும்பி வாருங்கள். தடவைக்கு இரண்டு, நாளைக்கு இரு வேளை போதும். இதில் வலி வரவே கூடாது. வந்தால் துண்டு கீழே சி3, சி4 பக்கம் சரிந்திருக்கும், அல்லது இழுவை கிடைமட்டமாக இல்லாமல் மேலே போயிருக்கும். இடத்தைச் சரிசெய்தும் வலித்தால் விட்டுவிடுங்கள்.

மூட்டு இளகினால் மட்டும் போதாது, கழுத்தின் முன்பக்க உள்தசைகளுக்கும் பலம் வேண்டும். மல்லாந்து படுத்து, ‘ஆமாம்’ என்பதுபோல் தாடையை மெல்ல உள்ளே இறக்கி 10 நொடி. இப்படி 10 முறை. தலை படுக்கையை விட்டு எழக் கூடாது. கழுத்தின் இரு பக்கமும் கயிறுபோல் தசை புடைத்தால் வெளித்தசை வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்று அர்த்தம், அழுத்தத்தைப் பாதியாக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். சலிப்பான பயிற்சிதான், ஆனால் இதை விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபி ஆய்வாளர் க்வென் ஜல் குழுவினர் 200 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கைச் சிகிச்சை, பயிற்சி இரண்டுமே தனித்தனியாகத் தலைவலியைக் குறைத்தன. பலன் 12 மாதம் கழித்தும் இருந்தது. அங்கே கொடுத்தது 6 வாரத்தில் 8 முதல் 12 அமர்வு. என் கணக்கில், நான்கைந்து அமர்வுக்குப் பிறகும் கழுத்துச் சுழற்சியோ வலியோ கொஞ்சமும் மாறவில்லை என்றால் இன்னும் பத்து அமர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம். நோயறிதலை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று நெட்டி எடுப்பார்களே, அதற்குத் தயவுசெய்து தலையைக் கொடுக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி மேல்கழுத்து எலும்புத் துளைகள் வழியாகத்தான் ஏறுகிறது. திடீர்த் திருகலில் அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. முடக்குவாதம் உள்ளவர்களுக்குச் சி1–சி2 பிணைப்பே தளர்ந்திருக்கலாம் என்பதால், மருத்துவர் பார்க்காமல் யாரும் கழுத்தில் கைவைக்கக் கூடாது.

இதுவரை இல்லாத கடும் தலைவலி திடீரென்று வந்தாலோ, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்துப்போதல், நடை தள்ளாட்டம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, விபத்துக்குப் பின் வலி என்று எது இருந்தாலும் பிசியோதெரபியைத் தள்ளிவைத்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 50 வயதுக்கு மேல் முதல்முறையாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது கண்பார்வையைப் பறிக்கக்கூடிய ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்.