வேர் தேடிப் போகும் வண்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்குப் போகிறோம். எங்களில் ஒருவருடைய கொள்ளுத்தாத்தா அங்கே 'ஹோம்ஸ்டெட்' நிலம் வாங்கியவர். அந்த நிலம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை அரசு நிலத்தைக் கேட்டுப் பெற முடிந்தது. ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து உழுது காட்டினால் பட்டா கிடைத்தது. அந்தப் பட்டாக்கள் கூட்டாட்சி நில நிர்வாக அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர், மாநிலம் கொடுத்துத் தேடுங்கள். பெயர் வரவில்லை என்றால் அவர் நிலமே எடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகளை முடிக்க முடியாமல் விட்டுப் போனவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பட்டா இருக்காது, விண்ணப்பக் கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். பட்டா கிடைத்தவர்களுக்கும் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. வீட்டின் நீள அகலம், உழுத ஏக்கர், சாட்சி சொன்ன அண்டை வீட்டார் பெயர்கள், வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாளின் நகல் எல்லாம் அதில்தான் இருக்கும்.

பட்டாவில் நில விவரம் இப்படி இருக்கும்: 'வடமேற்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 8 வடக்கு, ரேஞ்ச் 6 மேற்கு, ஆறாவது பிரதான மெரிடியன்.' பிரதான மெரிடியன் என்பது நில அளவைக்கு ஆதாரமான வடக்கு-தெற்குக் கோடு. அதற்குக் கிழக்கே அல்லது மேற்கே எத்தனையாவது டவுன்ஷிப் என்பதை ரேஞ்ச் எண் சொல்லும்; கிழக்கு-மேற்கு ஆதாரக் கோட்டுக்கு வடக்கே எத்தனையாவது என்பதை டவுன்ஷிப் எண் சொல்லும். ஒரு டவுன்ஷிப் என்பது ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். அதில் கால் பங்குதான் 160 ஏக்கர்.

எண் போடும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும். அதற்கு நேர் கீழே 7, அங்கிருந்து கிழக்கே திரும்பி 12. ஏர் மாடு சால் முடிவில் திரும்பி அடுத்த சால் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. இந்தக் கணக்கில் 14 மேலிருந்து மூன்றாவது வரிசையில், கிழக்கிலிருந்து இரண்டாவது கட்டம். புத்தகம் படிப்பதுபோல் எல்லா வரிசையையும் இடமிருந்து வலமாக எண்ணினால் மூன்று மைல் தள்ளி யாரோ ஒருவர் வயலில் நிற்பீர்கள். 'ரேஞ்ச் 6 மேற்கு' என்பதை 'கிழக்கு' என்று படித்துவிட்டால் தவறு 66 மைல்.

இடம் தெரிந்ததும் இன்றைய உரிமையாளர் யார் என்று கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் பார்த்து, கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே அவருக்குக் கடிதம் எழுதுங்கள். அனுமதி இல்லாமல் வயலில் இறங்க வேண்டாம். கவுன்ட்டி பத்திரப் பதிவு அலுவலகத்தில் நிலம் எப்போது யாருக்குக் கைமாறியது என்ற அட்டவணை இருக்கும்; விற்றவர், வாங்கியவர் இரண்டு பெயர் வரிசையிலும் தேடுங்கள். சனி, ஞாயிறு அந்த அலுவலகம் திறக்காது. பயணத் திட்டத்தில் திங்கள் முதல் வியாழன் வரை அந்த ஊரில் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்.வி.யிலேயே அந்த நிலம் வரை போய்விடலாமா?

பதில்: வேண்டாம். செக்‌ஷன் எல்லைகளில் மைலுக்கு ஒன்றாக ஓடும் சாலைகள் பல வெறும் சரளை. 'குறைந்தபட்சப் பராமரிப்பு' என்று பலகை வைத்தவை வெறும் மண். ஒரு மழைக்கே களியாகிவிடும். ஐந்து டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அதில் இறங்கினால் இழுத்தெடுக்கப் பெரிய மீட்பு வண்டி வர வேண்டும். தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களிலேயே விதி உண்டு, அங்கே நேரும் சேதத்துக்குக் காப்பீடும் கிடைக்காது. ஆறு பேரில் இரண்டு பேர் ஒரு சிறிய காரில் பின்தொடரட்டும். ஆர்.வி. முகாமில் நிற்கட்டும், பதிவு அலுவலகம், கல்லறை, வயல் எல்லாவற்றுக்கும் கார்.

'ஆறு பேர் படுக்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பி ஆறு பேரும் ஏறிவிடாதீர்கள். படுக்கை எண்ணிக்கை வேறு, சீட் பெல்ட் எண்ணிக்கை வேறு. எடையும் பாருங்கள்: ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டி நிறைந்தால் 332 பவுண்டு, இரண்டு ஆள் கூடுதலாக ஏறியதற்குச் சமம். முகாமில் குழாய் உண்டென்றால் வழியில் தேவையான அளவு மட்டும் நிரப்பிக்கொண்டு ஓட்டுங்கள்.

கேள்வி: கழிவுத் தொட்டியும் மின்சாரமும்தான் பயமாக இருக்கிறது.

பதில்: கழிப்பறைத் தொட்டியின் வால்வை முகாமில் எப்போதும் மூடியே வையுங்கள். குழாயை மாட்டித் திறந்தே விட்டால் நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் கோபுரம்போல் இறுகிவிடும். பிறகு எளிதில் கரையாது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு திறங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டி, அது முடிந்ததும் குளியல், பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டி. அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். பிறகு கழிப்பறைத் தொட்டியில் சில கேலன் தண்ணீர் ஊற்றி மருந்து போட்டு வையுங்கள். முகாமின் தண்ணீர்க் குழாயில் அழுத்தக் குறைப்பான் மாட்டாமல் இணைத்தால் வண்டிக்குள் பிளாஸ்டிக் இணைப்புகள் தெறிக்கலாம். 40 முதல் 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) போதும்.

30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவும் முடி உலர்த்தியும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

கிழக்குக் கடற்கரைப் பக்கம் திட்டம் நீண்டால் ஒரு எச்சரிக்கை: பால்டிமோர் துறைமுகத்தின் அடியில் போகும் சுரங்கப்பாதைகளில் ஆர்.வி.யின் பெரிய புரொப்பேன் (எரிவாயு) தொட்டிக்கு அனுமதி இல்லை. நகரைச் சுற்றும் 695 சாலையின் மேற்குப் பகுதியில் போங்கள். வண்டியின் உயரத்தை அடி, அங்குலக் கணக்கில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவிடுங்கள். கூரை ஏசியையும் சேர்த்து அளக்க வேண்டும்.

கேள்வி: கூட வரும் தோழியின் பாட்டனார் பஞ்சாபிலிருந்து கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போய் மெக்சிகப் பெண்ணை மணந்தவர். 'சிங்' என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

பதில்: சிங் என்று தேடினால் நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். பாட்டியின் ஸ்பானிஷ் பெயர், பிள்ளைகள் பெயர்களை வைத்துத் தேடுங்கள், அவைதான் ஒருவரைத் தனித்துக் காட்டும். 1920, 1930, 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இந்தியர்களை மதம் பாராமல் 'இந்து' என்றே இனப் பத்தியில் எழுதினார்கள். சீக்கியரான அவரும் அப்படித்தான் இருப்பார். முதல் உலகப் போர்க் காலத்து 1917, 1918 ராணுவப் பதிவு அட்டைகளையும் பாருங்கள், வெளிநாட்டவரும் பதிய வேண்டியிருந்தது. பஞ்சாபில் பிறந்த ஊரோ உறவினர் பெயரோ சிலவற்றில் உண்டு.

நிலப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம். கலிஃபோர்னியாவின் 1913 சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவர் நிலம் வாங்குவதைத் தடுத்தது. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று தீர்ப்பளித்தது. எனவே நிலத்தைப் பிறர் பெயரிலும் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் பெயரிலும் வைத்தார்கள். இம்பீரியல் கவுன்ட்டியின் தலைமையிடமான எல் சென்ட்ரோ ஊரின் பதிவு அலுவலகத்தில் பிள்ளைகள் பெயர்களையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். 1910-க்குப் பின் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியிருந்தால் வந்திறங்கியவர்களை விசாரித்த ஏஞ்சல் தீவுக் குடியேற்ற நிலையத்தின் கோப்பு இருக்கக்கூடும். அவை சான் புரூனோவிலுள்ள தேசியக் காப்பகக் கிளையில் உள்ளன, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பள்ளத்தாக்குக்கு நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள். கோடையில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். கூரை ஏசி வெளியை விடச் சுமார் 20 டிகிரிதான் குறைத்துத் தரும்.

கேள்வி: கல்லறைக் கல்லில் எழுத்து தேய்ந்திருந்தால்?

பதில்: சுண்ணக்கட்டி, ஷேவிங் நுரை, பிளீச் எதுவும் தடவாதீர்கள், கல் அரிக்கும். வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ் போதும். கல் ஆடினாலோ உதிர்ந்தாலோ அதுவும் வேண்டாம். ஒருவர் ஆளுயரக் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைக் கல்லின் மீது சாய்வாக விழச் செய்ய, இன்னொருவர் படமெடுங்கள். குழியில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். பக்கத்துக் கற்களையும் விடாமல் படமெடுங்கள், உறவினர் அருகருகேதான் கிடப்பார்கள்.