சுசுகியின் ஹயபுசா மோட்டார் சைக்கிளின் மூன்று தலைமுறைகளில் கால் மைல் ஓட்டத்துக்கு ஏற்றது எது, எந்த மாற்றங்கள் உண்மையில் பயன் தரும்?

எந்த மாற்றமும் செய்யாத நிலையில் மூன்று தலைமுறைகளுமே 402 மீட்டரை ஏறக்குறைய பத்து வினாடிகளில் கடக்கும். கைதேர்ந்த ஓட்டுநர் அமர்ந்தால் பத்துக்குச் சற்றுக் கீழேயும் இறங்கும். ஒரே வண்டியை ஓட்டும் இரண்டு பேருக்கு இடையே காணப்படும் வேறுபாடு, ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். ஆகவே எது வேகமானது என்பதைவிட, எந்தத் தலைமுறையில் எதை மாற்றினால் நேரம் குறையும் என்ற உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்று கருதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். 1999இல் வந்த முதல் தலைமுறையில் 1,299 சிசி என்ஜினும் 175 குதிரைத்திறனும் இருந்தன. 2008இல் பிஸ்டனின் வீச்சு 63 மில்லிமீட்டரிலிருந்து 65ஆக நீட்டப்பட்டு, என்ஜின் 1,340 சிசி ஆனது. எரிகலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதம் 11இலிருந்து 12.5க்கு உயர்ந்து, ஆற்றல் 197 குதிரைத்திறனை எட்டியது. 2021இல் வந்த மூன்றாம் தலைமுறை அதே கொள்ளளவை வைத்துக்கொண்டு 190க்கு இறங்கியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக உச்ச ஆற்றலில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தாலும், கீழ்ச் சுழற்சியிலும் நடுச் சுழற்சியிலும் இழுவையைக் கூட்டினார்கள். எடையை ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும். முதல் தலைமுறைக்குச் சொல்லப்படும் 215 கிலோ, எரிபொருளும் எண்ணெயும் சேராத உலர் எடை. மூன்றாம் தலைமுறையின் 264 கிலோ, எல்லாம் நிரப்பிய எடை. இரண்டையும் அருகருகே வைத்து, வண்டி ஐம்பது கிலோ பருத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது சரியன்று.

முதல் தலைமுறையிலிருந்து இரண்டாவதற்கு 22 குதிரைத்திறன் கூடியும் நேரம் ஏன் பெரிதாகக் குறையவில்லை என்பதற்கு விடை, புறப்படும் இடத்தில் இருக்கிறது. கால் மைல் முடிவில் காணும் வேகம், ஆற்றலை மொத்த எடையால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டியே உயர்கிறது. அதன்படி ஆற்றல் 12 சதவீதம் கூடினால் வேகம் 4 சதவீதம்தான் கூடும். மணிக்கு 225 கிலோமீட்டரில் அது 9 கிலோமீட்டர். அந்த 4 சதவீதமும் நேரத்தில் முழுமையாக வந்து சேர்வதில்லை. முதல் 60 அடி, அதாவது 18 மீட்டர், என்ஜினின் கையில் இல்லை. முன்சக்கரம் தரையைவிட்டு எழும் எல்லையே அங்கு முடுக்கத்தைத் தீர்மானிக்கிறது. பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஓட்டுநரும் சேர்ந்த எடை மையம் எவ்வளவு முன்னால் இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற விகிதம்தான் அந்த எல்லை. சாதாரண ஹயபுசாவில் அது புவியீர்ப்பு முடுக்கத்தை ஒட்டியே இருக்கும். சக்கரங்களுக்கு இடையேயான தூரம் முதல் தலைமுறையில் 1,485 மில்லிமீட்டர், அடுத்த இரண்டிலும் 1,480. பின் டயரின் அளவும் மூன்றிலும் ஒன்றே. புறப்பாட்டைப் பொறுத்தவரை இருபது ஆண்டுகளில் வண்டி மாறவே இல்லை என்றே சொல்லலாம்.

இதனால்தான் சஸ்பென்ஷனைத் தாழ்த்துவதும் பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்கார்மை நீட்டுவதும் எந்தப் புகைக்குழலையும்விட அதிகப் பயன் தருகின்றன. 60 அடியில் மிச்சமாகும் ஒவ்வொரு பத்தில் ஒரு வினாடியும் கோட்டைக் கடக்கும்போது அப்படியே, சில சமயம் சற்று வளர்ந்தும், கிடைக்கும். ஆனால் ஸ்விங்கார்மை நீட்டினால் நெம்பு நீளம் கூடி, பின் ஸ்பிரிங் மென்மையாகிவிட்டதுபோல் நடந்துகொள்ளும். கடினமான ஸ்பிரிங் போடாமல் நீட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஓரளவுக்கு மேல் நீட்டினால் பின்சக்கரத்தின் மேல் விழும் எடை குறைந்து டயர் வழுக்கத் தொடங்கும். அதன்பிறகு ஒட்டும் டயர் இல்லாமல் பயனில்லை. இப்படித் தாழ்த்தி நீட்டிய வண்டி வளைவில் எளிதில் தரையைத் தட்டும் என்பதால் பொதுச் சாலைக்கு அது உகந்ததன்று.

அடுத்தது கிளட்ச். ஹயபுசாவின் முதல் கியர் நீளமானது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியும் அதே கியரில் போகலாம். அதனால் புறப்படும்போது கிளட்ச் நெடுநேரம் வழுக்கிச் சூடேறும். முதல் தலைமுறையில் வலுவான ஸ்பிரிங்குகளும் நல்ல தட்டுகளும் போட்டாலே நிலைமை மாறும். ஆற்றலைப் பெரிதாகக் கூட்டிய பிறகு, சுழற்சி ஏற ஏறத் தானே இறுகும் லாக்கப் கிளட்ச் தேவைப்படும். மூன்றாம் தலைமுறையில் புறப்படும்போது என்ஜின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் லாஞ்ச் கன்ட்ரோலும், கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குயிக்‌ஷிஃப்டரும் நிறுவனத்திலிருந்தே வருகின்றன. புதிய ஓட்டுநர் ஒரே மாதிரியான நேரங்களை எடுக்க இவை மிகவும் உதவும். இந்த ஒரு காரணத்துக்காகவே, எதையும் பிரிக்க விரும்பாதவருக்கு நான் மூன்றாம் தலைமுறையைச் சொல்வேன்.

என்ஜின் கணினியைப் பொறுத்தவரை, இரண்டாம் தலைமுறையில்தான் ரீஃப்ளாஷ், அதாவது அதன் நிரலைத் திருத்தி மறுபடி ஏற்றுவது, எளிதும் பலனுள்ளதும் ஆகும். அதில் காற்றுவழியில் கூடுதலாக உள்ள இரண்டாம் நிலைத் திராட்டில் தகடுகள் கீழ் கியர்களில் முழுதாகத் திறக்காமல் கணினியே தடுக்கிறது; அந்தத் தடையை நீக்கினால் கைப்பிடியைத் திருகிய அளவு காற்று உள்ளே போகும். முதல் தலைமுறையில் அந்தத் தகடுகள் இல்லாததால் பெரும்பாலும் எரிபொருள் அளவைத் திருத்தும் தனிப் பெட்டியையே சேர்க்கிறார்கள். முதல் தலைமுறையின் உண்மையான பலவீனம் கியர்பெட்டி. வேகமாக மாற்றும்போது இரண்டாம் கியர் பற்றாமல் நழுவுவது பலரும் அறிந்த குறை. பற்களைச் சரிவாகக் கடைந்து திருத்தாமல் அதில் ஆற்றலைப் பெருக்கும் நைட்ரஸ் வாயுவோ டர்போவோ சேர்ப்பது வீண்.

எந்த மாற்றத்தின் பலனையும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தடத்தில் தரப்படும் நேரச் சீட்டில் தனித்தனியாகப் படியுங்கள். 60 அடி நேரம் குறைந்து இறுதி வேகம் மாறாமல் இருந்தால், பலன் புறப்பாட்டில் கிடைத்தது. வேகம் கூடியும் மொத்த நேரம் அசையாமல் இருந்தால், என்ஜின் தந்ததைப் புறப்பாட்டில் இழந்துவிட்டீர்கள். வெவ்வேறு நாட்களின் சீட்டுகளை ஒப்பிடும்போது வெப்பத்தையும் காற்றடர்த்தியையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநரின் எடையையும் மறக்க வேண்டாம்: வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த 340 கிலோவில் 10 கிலோ குறைந்தால், அதே கனமூலக் கணக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி வரை மிச்சமாகும்.

நானே தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இரண்டாம் தலைமுறையை எடுப்பேன். முதலில் தாழ்த்தி, கிளட்ச்சைச் சீராக்கி, 60 அடி நேரம் நிலைபெற்ற பிறகே ரீஃப்ளாஷும் புகைக்குழலும். அந்த வரிசையை மாற்றினால், கூடிய ஆற்றலைத் தரைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல் முன்சக்கரம்தான் மேலே எழும்.